முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தைக் கணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்க்கப் போனால் முதலில் வரவேற்பறையைக் காட்டுவார்கள். அப்புறம் காலியாக இருக்கும் ஒரு நல்ல அறை, தோட்டம், டிவி ஹால், உடற்பயிற்சி அறை. அரை மணி நேரத்தில் சுற்றி முடித்து விண்ணப்பப் படிவத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் தெரிந்துகொள்ள வந்த விஷயம் அந்தச் சுற்றில் எங்குமே இல்லை.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் எழுதிய அவெடிஸ் டோனபீடியன் அதை மூன்றாகப் பிரித்தார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் என்ன ஆகிறது. கட்டடம், கருவிகள், ஆட்கள் எல்லாம் முதல் வகை. வேளைக்கு மருந்து கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டிவிடுவது இரண்டாவது. புண் வந்ததா, எடை குறைந்ததா, விழுந்தாரா என்பது மூன்றாவது. சுற்றிக் காட்டும்போது நம் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் வகைதான். மற்ற இரண்டையும் நாமாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது? அந்த இல்லத்தில் பேச முடியாதவர், எழுந்து நடக்க முடியாதவர், பார்க்க ஆள் வராதவர் யார் என்று கவனியுங்கள். வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவருக்கும், பிள்ளைகள் தினமும் வந்துபோகிறவருக்கும் பெரும்பாலான இடங்களில் ஓரளவு கவனிப்பு கிடைத்துவிடும். கேட்க நாதியில்லாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு இல்லத்தை எடைபோடுவேன். இன்று நடமாடிக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவும் நாளை அந்தக் கட்டிலுக்கு வரக்கூடும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான்.

படி 1: தேவையைத் தாளில் எழுதுங்கள்

சேர்க்கப்போகிறவர் தானே சாப்பிடுகிறாரா, டாய்லெட்டுக்குத் தனியாகப் போகிறாரா, இரவில் எத்தனை முறை எழுகிறார், இன்சுலின் ஊசி உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, இதற்கு முன் விழுந்திருக்கிறாரா, ஞாபகம் எப்படி என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். "வயசானவர், கொஞ்சம் பார்த்துக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால், "அதெல்லாம் நாங்க பார்த்துப்போம்" என்ற பொதுவான பதில்தான் வரும். "ராத்திரி 2 மணிக்கு எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பார், அப்போ யார் இருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கமே நிறையச் சொல்லும்.

கூடவே இன்னொரு கேள்வி: "எந்த நிலைக்கு வந்தால் உங்களால் வைத்துப் பார்க்க முடியாது?" எல்லா இடத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தெளிவாகச் சொல்கிற இல்லத்தை நம்பலாம். எதுவானாலும் பார்ப்போம் என்கிற இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

படி 2: சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை

முதல் முறை நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டாவது முறை ஞாயிறு மாலையிலோ விடுமுறை நாளிலோ சொல்லாமல் போங்கள். மேனேஜர் இல்லாத, ஆட்கள் குறைவான நேரம் அது. உள்ளே விடவே மாட்டோம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். குளிக்கும் நேரம், தூங்கும் நேரம் என்றால் நியாயம். எந்த நேரமும் முன் அனுமதி வேண்டும் என்றால் அந்த இடத்தை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

மூக்கை நம்புங்கள். ஒரு அறையில் மட்டும் சிறுநீர் வாடை வந்தால் இப்போதுதான் யாருக்கோ ஆகியிருக்கிறது, மாற்றப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வராந்தா முழுக்கப் பழைய வாடை தங்கியிருந்தால் டயப்பரும் படுக்கை விரிப்பும் நேரத்துக்கு மாறவில்லை. ரூம் ஸ்பிரே தூக்கலாக மணத்தாலும் அதே சந்தேகம் வரட்டும்.

காதுக்கும் வேலை கொடுங்கள். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று வராந்தாவில் நின்றபடி கடிகாரத்தைப் பாருங்கள். மணி கட்டிலில் இருப்பவரின் கைக்கு எட்டுகிறதா, சுவரில் சுற்றி மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஊழியர்கள் முதியவரைப் பெயரோ உறவோ சொல்லி அழைக்கிறார்களா, "7-ஆம் நம்பர் கட்டில்" என்கிறார்களா? வீல்சேரில் இருப்பவரை முன்னறிவிப்பில்லாமல் சட்டென்று தள்ளிக்கொண்டு போகிறார்களா? உடை மாற்றும்போது திரையை இழுத்து மூடுகிறார்களா? இதற்கெல்லாம் பணமோ கருவியோ தேவையில்லை. பழக்கம்தான் வேண்டும். அதனால் ஒரு இல்லத்தின் பழக்கம் இங்கேதான் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு, தீ விபத்தின்போது வெளியேறும் வழியில் சாமான் அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரியும். குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் ஐந்தாறு விநாடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். முதியவரின் தோல் இன்னும் மெல்லியது.

படி 3: எத்தனை கைகள்?

"போதுமான ஆட்கள் இருக்காங்க" என்பது பதிலே இல்லை. கணக்குப் போடலாம். ஒரு நாளில் முதியவர்களை நேரடியாகத் தொட்டுப் பராமரிக்கும் நர்ஸ்கள், உதவியாளர்கள் எல்லாருடைய வேலை நேரத்தையும் கூட்டி, தங்கியிருப்போர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சமையல்காரர், அலுவலகத்தில் இருப்பவர், துப்புரவுப் பணியாளர் இதில் சேர மாட்டார்கள்.

உதாரணமாக 30 பேர் தங்கியிருக்கும் இல்லத்தில் காலை ஷிப்டில் 6 பேர், மாலையில் 5 பேர், இரவில் 3 பேர், ஆளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 112 மணி. ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 3.7 மணி நேரக் கவனிப்பு கிடைக்கிறது. நீண்டகாலம் தங்குவோருக்கு 4.1 மணி நேரத்துக்குக் கீழே போனால் தரம் பாதிக்கப்படுகிறது என்று அமெரிக்க அரசுக்காகச் செய்து 2001-இல் வெளிவந்த ஒரு ஆய்வு சொன்னது. எல்லா இடத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. நடமாடுகிறவர்கள் அதிகம் உள்ள இடத்துக்குக் குறைவாகவும், படுத்த படுக்கையாக இருப்போர் அதிகம் உள்ள இடத்துக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். ஆனாலும் கணக்கு 2 மணி நேரம் என்று வந்தால் எதையோ செய்யாமல் விடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எண்ணிக்கையோடு விஷயம் முடியவில்லை. ஒரே முதியவரை முடிந்தவரை ஒரே உதவியாளர் பார்க்கும்படி டியூட்டி போடுகிறார்களா, தினம் தினம் ஆள் மாறுகிறார்களா என்று கேளுங்கள். வழக்கமாகப் பார்க்கிறவருக்குத்தான் "இன்னிக்கு இவர் முகம் சரியில்லையே" என்று படும். உதவியாளர்களிடமே தனியாகப் பேச்சுக் கொடுங்கள்: எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள், ஒரு ஆள் லீவு போட்டால் என்ன செய்வீர்கள்? எல்லாருமே சில வாரங்களுக்கு முன்தான் சேர்ந்தவர்கள் என்றால், பழைய ஆட்கள் ஏன் போனார்கள் என்பது அடுத்த கேள்வி.

படி 4: சாப்பாட்டு நேரத்தில் உட்காருங்கள்

ஒரே ஒரு மணி நேரம்தான் செலவிட முடியும் என்றால் சாப்பாட்டு வேளையைத் தேர்ந்தெடுங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி இரண்டு மூன்று பேருக்கு மாற்றி மாற்றித் திணிக்கிறாரா? முதல் கவளம் உள்ளே போகும்வரை காத்திருக்கிறாரா? சாப்பிடுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். பல்செட் போட்டிருக்கிறாரா, டம்ளரில் கிடக்கிறதா என்பதும் முக்கியம்.

தொடப்படாத தட்டுகளை என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். "சாப்பிடலையா, சரி" என்று எடுத்துப்போனால் அங்கே எடை குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. மாதம் ஒரு முறையாவது எடை பார்த்து எழுத வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் டாக்டர் பார்த்தாக வேண்டும். வயசானால் இளைக்கத்தான் செய்வார்கள் என்று விட முடியாது.

மூக்குவழி உணவுக் குழாய் போட்டவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். விழுங்கவே முடியாதவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் முற்றிய டிமென்ஷியாவில் (மறதி நோயில்) குழாய் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பதுதான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. கையால் ஊட்ட அரை மணி ஆகும், குழாயில் ஊற்றச் சில நிமிடங்கள் போதும். யாருடைய வசதிக்காகக் குழாய் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. சிறுநீர்க் குழாயும் இப்படித்தான். டயப்பர் மாற்றும் வேலை மிச்சம் என்று போட்டு வைத்தால், குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு ஏறும்.

படி 5: தோலைக் கேளுங்கள்

ஒரு இல்லத்தின் இரவு நேரம் எப்படிப் போகிறது என்பதற்கு முதியவரின் தோல்தான் சாட்சி. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி இரத்த ஓட்டம் நிற்கும்போது படுக்கைப் புண் தொடங்குகிறது. ஈரமும், கட்டிலில் சறுக்கிச் சறுக்கி இறங்குவதும், சத்துக் குறைவும் அதை வேகப்படுத்தும். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, பின்தலை, காது மடல் இவையெல்லாம் புண் வரும் இடங்கள்.

நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் தோல் கிழியாது. சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, நிறம் மாறியோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் மேல்தோல் உரியும் அல்லது கொப்புளம் வரும். மூன்றாவதில் கொழுப்புவரை குழியாகும். நான்காவதில் தசையோ எலும்போ தெரியும். முதல் நிலையில் கண்டுபிடித்து அழுத்தத்தை எடுத்துவிட்டால் சில நாட்களில் சரியாகும். நான்காவது நிலைக்குப் போனால் மாதக்கணக்கு. உயிருக்கே ஆபத்தும் உண்டு.

அதனால் கேட்க வேண்டியவை:

- சேரும் அன்று தலை முதல் கால்வரை தோலைப் பார்த்து எழுதி வைப்பீர்களா? நல்ல இல்லம் நீங்கள் கேட்காமலே செய்யும், பின்னால் பழி தன்மேல் வரக்கூடாது என்பதற்காகவாவது.
- புண் வரும் வாய்ப்பை எதை வைத்துக் கணிக்கிறீர்கள்? பரவலாகப் பயன்படுவது பிரேடன் அளவுகோல். 6 முதல் 23 வரை மதிப்பெண். குறையக் குறைய ஆபத்து. 18-உம் அதற்குக் கீழும் என்றால் கவனம் தேவை.
- இங்கே வந்த பிறகு புண் வந்தவர்கள் இப்போது எத்தனை பேர்?

கடைசிக் கேள்விக்கு "ஒருத்தருக்கும் வந்ததே இல்லை" என்று படுக்கை நோயாளிகள் நிறைந்த இல்லம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் எவ்வளவு பார்த்தாலும் சிலருக்குப் புண் வரும். "இரண்டு பேருக்கு வந்தது, இப்படிப் பார்க்கிறோம், ஒருவருக்கு ஆறி வருகிறது" என்கிற பதிலில் வேலை செய்கிற ஆட்கள் தெரிகிறார்கள்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது வழக்கமான முறை. நாற்காலியில் இருப்பவருக்கு மணிக்கு ஒரு முறை உடல் எடையை இடம் மாற்ற வேண்டும். "புரட்டும் சார்ட் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நிமிடம் பிசகாமல் 2, 4, 6, 8 என்று இருந்தால் யாரோ ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். இதைவிட எளிய சோதனை: கட்டிலில் ஒருவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, இரண்டரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். ஏர் பெட் போட்டிருக்கிறோம் என்பார்கள். நல்லதுதான், ஆனால் ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

தெரியாதவரின் போர்வையை நாம் விலக்கிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. வெளியே தெரிவதே போதும். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு வெடித்திருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா, காதுக் கருவியில் பேட்டரி வேலை செய்கிறதா, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை இருக்கிறதா? வாயைச் சுத்தம் செய்வது சின்ன வேலையாகத் தெரியும். ஜப்பானியப் பராமரிப்பு இல்லங்களில் செய்து 1999-இல் வெளியான ஒரு ஆய்வில், தினமும் வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது.

படி 6: மருந்து அலமாரி

முற்பகலில், எல்லாரும் விழித்திருக்க வேண்டிய நேரத்தில், ஹாலைப் பாருங்கள். பாதிப் பேர் தாடை நெஞ்சில் படத் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதியா, மருந்தா? டிமென்ஷியா உள்ளவர் கத்தினாலோ சுற்றிச் சுற்றி நடந்தாலோ மனநோய்க்கான மருந்து கொடுத்து அடக்கி வைப்பது உலகெங்கும் நடக்கிற ஒன்று. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகள் சிலவற்றைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் கொடுக்கும் முன் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பசி, பயம் என்று காரணம் தேடினார்களா, குடும்பத்திடம் சொன்னார்களா, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

முதியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு பீர்ஸ் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. 1991-இல் பராமரிப்பு இல்லங்களில் இருப்போரை மனதில் வைத்தே உருவானது அது. விசிட்டிங் டாக்டர் அந்தப் பட்டியலை வைத்து மருந்துச் சீட்டை அவ்வப்போது மறுபார்வை செய்கிறாரா என்று கேளுங்கள்.

மருந்து கொடுப்பது யார் என்றும் பாருங்கள். கொடுத்த பிறகு கையெழுத்துப் போடுகிறார்களா, காலையிலேயே நாள் முழுவதற்கும் போட்டுவிடுகிறார்களா? விழுங்க முடியாதவருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்கள் என்றால், மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: கட்டி வைக்கிறார்களா?

துணியால் கையைக் கட்டினால்தான் கட்டி வைப்பது என்றில்லை. எழ முடியாத ஆழமான நாற்காலி, முன்னால் பூட்டிய பலகை, நான்கு பக்கமும் ஏற்றிய கட்டில் தடுப்பு எல்லாம் அதில் சேரும். பாதுகாப்புக்காக என்பார்கள். தடுப்பைத் தாண்டி ஏற முயல்கிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். இடுக்கில் கழுத்து மாட்டி இறந்தவர்களும் உண்டு. கட்டிலை மிகத் தாழ்வாக இறக்கி, பக்கத்தில் மெத்தை விரிப்பது பல நேரம் நல்ல மாற்று.

"இங்கே யாரும் விழுந்ததில்லை" என்ற பெருமையையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். யாரையும் எழுந்திருக்கவே விடாவிட்டால் யாரும் விழ மாட்டார்கள். கால் தசை மட்டும் போய்விடும். கடைசியாக ஒருவர் விழுந்தபோது அப்புறம் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். செருப்பா, மருந்தா, இரவு டாய்லெட் நேரமா என்று குறிப்பாகப் பதில் வர வேண்டும்.

பேச முடியாதவருக்கு வலி இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம். மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. அதன் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்த ஐந்தைப் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

படி 8: தாள்கள்

உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஆய்வு அறிக்கை இருந்தால் அதில் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். எதற்கெல்லாம் தனிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு என்ன கணக்கு, எந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எப்போது திரும்பும், அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கூடப் போவது? எது நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

படி 9: சேர்த்த பிறகு

மதிப்பீடு சேர்த்த அன்று முடிவதில்லை. முதல் சில வாரங்கள் யாருக்கும் கஷ்டம்தான். அழுகையும் கோபமும் வரும், அதை வைத்து இல்லத்தைத் தீர்மானிக்க வேண்டாம். ஒரே நேரத்தில் போகாமல் வெவ்வேறு வேளைகளில் போங்கள். இப்போது போர்வையை விலக்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது: குதிகால், வால் எலும்பு, அக்குள், மார்புக்குக் கீழ் மடிப்பு, வாய்க்குள். மாத எடையைக் கேட்டு வாங்கி நீங்களும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நன்றாகப் பார்க்கிற உதவியாளரின் பெயரைச் சொல்லி நிர்வாகத்திடம் பாராட்டுங்கள். குறை சொல்ல வேண்டி வரும்போது உங்கள் பேச்சை அதற்கப்புறம் காது கொடுத்துக் கேட்பார்கள்.

குறை சொல்லும்போது "சரியா பார்க்கலை" என்பதால் பயனில்லை. "செவ்வாய் மாலை 5 மணிக்கு வந்தபோது டயப்பர் நனைந்து முதுகுவரை ஈரம், 40 நிமிடம் மணி அடித்தும் ஆள் இல்லை" என்று நாள், நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு ஒரு தேதி கேளுங்கள். அந்தத் தேதிக்குள் ஒன்றும் மாறாவிட்டால் உரிமம் கொடுத்த துறைக்கு எழுதுங்கள்.

சிலவற்றுக்கு இந்தப் பொறுமை கூடாது. மேல் கையின் உள்பக்கம் விரல் பதிந்த கன்றல், மணிக்கட்டைச் சுற்றிய தடம், ஒரு குறிப்பிட்ட ஊழியரைக் கண்டால் ஒடுங்கிக்கொள்வது, காரணம் சொல்ல முடியாத எலும்பு முறிவு என்றால் அன்றே தேதியோடு போட்டோ எடுத்து, வெளி டாக்டரிடம் காட்டி, புகார் கொடுக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால் வயசின் கோளாறு என்று விடாதீர்கள். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்து என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம், அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

வேறு இல்லத்துக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தால், கிளம்பும் முன் மருத்துவப் பதிவுகளின் நகல், இப்போதைய மருந்துப் பட்டியல், ஒவ்வொரு மருந்தும் கடைசியாகக் கொடுத்த நேரம், அன்றைய எடை, அன்றைய தோலின் நிலை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் முதல் வேலையாகத் தோலைப் பார்த்து எழுதச் சொல்லி, இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.